அணுகுதலும் பற்றுதலும்

2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் தேதி, பூமியின் பரப்புக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரு சிறிய செயற்கைக்கோள் தன்னுள்ளிருந்து ஒரு பெட்டியை மெதுவாக வெளியே தள்ளிற்று. அந்தப் பெட்டி சற்றுத் தூரம் சென்று, வாயு நிரம்பி உப்பி, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள உருவத்தைப் பெற்று, தன் போக்கில் விலகிக்கொண்டிருக்கையில், தாய்க்கோளிலிருந்து ஒரு வலை பாய்ந்து சென்று விரிந்து அதை மூடிச் சுருட்டிக்கொண்டது. வலை வீசிப் பிடிப்பது மனித குலத்தின் மிகப் பழைய தொழில்களில் ஒன்றேயானாலும், விண்வெளியில் அலையும் குப்பையை அகற்றும் நோக்கத்துடன் சுற்றுப்பாதையிலேயே வலை வீசிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோளின் மேலிருந்த காமிரா அனுப்பிய காட்சியைக் கண்டவர்கள், இவ்வளவு எளிதில் முடிகிற காரியத்துக்கா இத்தனை காலம் தயங்கினார்கள் என்று நினைத்திருக்கக்கூடும். அந்தச் சில வினாடிகளுக்குள் எத்தனை சிரமங்கள் அடங்கியிருந்தன என்பதையும், அவற்றைவிடப் பெரிய சிரமங்கள் எத்தனை அப்பரிசோதனைக்கு வெளியே நின்றன என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

பயன் தீர்ந்து ஓய்ந்துபோன செயற்கைக்கோள்கள், அவற்றை மேலே கொண்டுசென்று விட்டுத் தாமும் அங்கேயே தங்கிவிட்ட ராக்கெட்டுகளின் மேலடுக்குகள், எஞ்சிய எரிபொருள் வெடித்ததாலோ ஒன்றோடொன்று மோதியதாலோ சிதறிய துண்டுகள், உரிந்துபோன வண்ணப்பூச்சின் சில்லுகள் ஆகிய இவை யாவும் சேர்ந்தே விண்குப்பை என்ற பெயரைப் பெறுகின்றன. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 என்னும் ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத சிறு கோளம், தன் ரேடியோ ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்றும் பூமியைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின் போனவற்றில் பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்களைத் தரையிலுள்ள ராடார்களும் தூரதர்சினிகளும் கண்காணித்து அட்டவணைப்படுத்தி வருகின்றன. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் பத்து சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட துண்டுகள், ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, பத்து லட்சத்துக்குக் குறையாதவை. இவற்றில் மிகப் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

இத்தகைய சிறு துண்டு ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், அதன் அளவை மறந்து அதன் வேகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதையில் எந்தப் பொருளும் வினாடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடியே தீரவேண்டும். வெவ்வேறு திசைகளில் ஓடும் இரண்டு பொருள்கள் எதிர்ப்பட்டால் அவற்றின் ஒப்பு வேகம் பத்துக் கிலோமீட்டரையும் கடந்துவிடும். துப்பாக்கிக் குண்டின் வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டரைத் தொடுவதே அரிது. வேகம் பத்து மடங்கானால் மோதும் சக்தி நூறு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் பாடமாதலால், ஒரு கிராம் எடையுள்ள உலோகச் சில்லுகூடச் செயற்கைக்கோளின் சுவரைத் துளைத்து உள்ளே சென்று அதை ஊமையாக்கிவிட வல்லது என்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

நாசாவில் பணியாற்றிய டொனால்ட் கெஸ்லர், பர்ட்டன் கூர்-பாலே என்ற இருவரும் 1978இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில், சுற்றுப்பாதையில் பொருள்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டால், ஒரு மோதல் விளைவிக்கும் துண்டுகளே அடுத்த மோதலுக்குக் காரணமாகி, அது மேலும் துண்டுகளைப் பெருக்கி, புதிதாக எதையும் ஏவாமல் நிறுத்திவிட்டாலுங்கூடக் குப்பை தானாகவே வளர்ந்துகொண்டு போகும் என்று கணித்துக் காட்டினார்கள். அக்காலத்தில் அது வெறுங் கணக்காகவே பலருக்குத் தோன்றிற்று. 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, சைபீரியாவுக்கு மேலே 789 கிலோமீட்டர் உயரத்தில், பணியில் இருந்த இரிடியம்-33 என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கோளும், பல ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துபோன காஸ்மோஸ்-2251 என்ற ரஷ்யக் கோளும் ஒன்றோடொன்று மோதி, கண்காணிக்கத்தக்க பெரிய துண்டுகள் மட்டுமே 2,000க்கு மேல் சிதறியபோது, அந்தக் கணக்குக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2007 ஜனவரியில், சீனா தன்னுடைய பழைய வானிலைக் கோளான ஃபெங்யுன்-1சியை ஏவுகணையால் தாக்கி உடைத்ததில் விளைந்த துண்டுகள் 3,000க்கும் அதிகம். அமெரிக்காவும், ரஷ்யாவும், நம்முடைய நாடும் வெவ்வேறு காலங்களில் இத்தகைய தாக்குதல்களைச் செய்து பார்த்தவையே. இந்தியா 2019இல் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்திலேயே அதைச் செய்தபடியால் துண்டுகள் பெரும்பாலும் விரைவில் விழுந்துவிட்டன என்பது உண்மைதான். எனினும் எல்லாரும் போய்வர வேண்டிய பாதையில் வேண்டுமென்றே ஒரு பொருளை உடைப்பதை, எந்த நாடு செய்தாலும், என்னால் வித்தை என்று போற்ற முடியவில்லை.

இயற்கையும் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. வாயுமண்டலம் ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடுவதன்று. நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதன் மெல்லிய சுவடு இருந்துகொண்டு, ஓடும் பொருள்களின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அவற்றைக் கீழே இறக்கி எரித்துவிடுகிறது. நானூறு கிலோமீட்டரில் இது ஓரிரு ஆண்டுகளில் நடந்துவிடும். எண்ணூறு கிலோமீட்டரில் ஒரு நூற்றாண்டு, அதற்கு மேலும் ஆகலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே நம் சந்ததிகள் எத்தனையோ தலைமுறை காத்திருக்க வேண்டும். மிகப் பெரிய பொருள்கள் பல இந்த எண்ணூறு கிலோமீட்டர் பிரதேசத்தில்தான் இருக்கின்றன. 2012 ஏப்ரலில் திடீரென்று தொடர்பற்றுப்போன ஐரோப்பாவின் என்விசாட் எட்டு டன் எடையுள்ளது. சோவியத் காலத்து ஸெனித் ராக்கெட்டுகளின் மேலடுக்குகள் ஒவ்வொன்றும் ஒன்பது டன் அளவு கனமானவை. இவற்றில் இரண்டு மோதிக்கொண்டால் 2009இல் நடந்தது சிறு சம்பவமாகிவிடும். ஆகவே சில்லுகளைத் துரத்திக்கொண்டு போவதைவிட, சில்லுகளுக்கு மூலமாகக்கூடிய பெரும்பொருள்களை முதலில் இறக்கிவிடுவதே புத்திசாலித்தனம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். இனிமேல் ஏவுகிறவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வதோடு, அபாயம் மிகுந்த பெரும்பொருள்களில் ஆண்டுக்கு ஐந்தை அகற்றினால் போதும், குப்பை மேலும் பெருகாமல் நிற்கும் என்று நாசாவின் விஞ்ஞானி ஜே.சி. லியூவும் அவருடைய சகாக்களும் கணித்துச் சொன்னார்கள். ஐந்து என்பது சிறிய எண். ஆயினும் அந்தச் சிறிய எண்ணில் ஒன்றைக்கூட இதுவரை எந்த நாடும் எட்டவில்லை என்பதை நினைக்கும்போதுதான், பரிசோதனைகளின் அருமை விளங்குகிறது.

முதலில் குறிப்பிட்ட வலைப் பரிசோதனையைச் செய்த கோளுக்கு ரிமூவ்டெப்ரி என்று பெயர். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு நகரிலுள்ள சர்ரே பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆராய்ச்சி நிலையம், பேராசிரியர் குலியெல்மோ அலியெட்டியின் தலைமையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியைக் கொண்டு, பல நாட்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய முயற்சி அது. ஏறக்குறைய நூறு கிலோ எடையுள்ள அக்கோள் 2018 ஏப்ரலில் சரக்குக் கலமொன்றில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று, ஜூன் 20ஆம் தேதி அங்கிருந்து இயந்திரக் கையின் உதவியால் வெளியே விடப்பட்டது. நிலையத்திலிருந்து அதுவரை விடப்பட்டவற்றில் அதுவே பெரியது. இவ்வளவு தாழ்ந்த சுற்றுப்பாதையை அவர்கள் தேர்ந்துகொண்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. குப்பையை அகற்றக் கற்றுக்கொள்ளும் முயற்சியே குப்பையைப் பெருக்குவதாக முடிந்துவிடலாகாது. வலை தவறினாலும், கோளே செயலற்றுப் போனாலும், எல்லாம் சில ஆண்டுகளில் தாமாகவே இறங்கி எரிந்துவிட வேண்டும். அதே காரணத்தால்தான் பிறருடைய குப்பை எதையும் தொடாமல், தாங்களே சிறு கோள்கள் இரண்டைக் குப்பையாக வேஷமிட்டு உடன் எடுத்துச்சென்றார்கள்.

ஜெர்மனியின் ப்ரெமன் நகரில் ஏர்பஸ் நிறுவனத்தார் செய்த அந்த வலை விரிந்தால் ஐந்து மீட்டர் குறுக்களவு கொள்ளும். அதன் விளிம்பில் கட்டிய ஆறு எடைக்குண்டுகளை வெவ்வேறு திசையில் வெளியே எறிவதால் வலை போகிறபோக்கிலேயே விரிகிறது. இலக்கை மூடியதும், அக்குண்டுகளுக்குள்ளேயே வைத்த சிறு மோட்டார்கள் கயிற்றைச் சுருட்டி வாயை இறுக்கிவிடுகின்றன. காற்றும் எடையும் உள்ள தரையில் வலையின் போக்கு ஒன்று. இரண்டும் இல்லாத இடத்தில் வேறொன்று. விமானத்தைப் பரவளையப் பாதையில் ஏற்றி இறக்கிச் சில வினாடிகள் எடையின்மையை உண்டாக்கியும், காற்று நீக்கிய உயரமான கோபுரத்தினுள் விழவிட்டும் முன்கூட்டியே சோதிக்கலாம்; என்றாலும் உண்மையான இடத்தில் ஒரு முறை செய்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஏழு மீட்டர் தூரத்தில் பிடிபட்ட அந்தப் போலிக் குப்பை வலையோடு சேர்ந்து தன் வழியே இறங்கிப்போக விடப்பட்டது. மெய்யான பணியிலோ வலையின் மறுமுனை தாய்க்கோளோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு, பிடித்த பொருளைக் கீழே இழுத்துவர வேண்டியிருக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் ஒரு கயிற்றின் முனையில் பல டன் எடை துள்ளித் திமிறும்போது முன்னால் இழுக்கும் சிறு கோளின் கதி என்னவாகும் என்ற கேள்விக்கு அப்பரிசோதனை விடை தேடவில்லை.

அக்டோபரில் நடந்த இரண்டாம் பரிசோதனை பார்வைக்குரியது. வெளியே விட்ட இரண்டாவது சிறு கோள் விலகிச் செல்லும்போது, காமிராக்களும், லேசர் ஒளியை வீசி அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு தூரத்தை அளக்கும் லைடார் என்னும் உபகரணமும் அதைத் தொடர்ந்து நோக்கி, அதன் இருப்பிடத்தையும் சுழற்சியையும் கணித்தன. இதில் கண்ணைக் கவரும் காட்சி ஏதும் இல்லாததால் பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை. ஆனால் நான்கு பரிசோதனைகளிலும் எதிர்காலத்துக்கு மிகவும் வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, 2019 பிப்ரவரி 8ஆம் தேதி நடந்த எறியீட்டிப் பரிசோதனை. திமிங்கிலம் பிடிப்போர் முற்காலத்தில் கையாண்ட கயிறு கட்டிய எறியீட்டியின் சிறுவடிவம் ஒன்றை, கோளிலிருந்து ஒன்றரை மீட்டர் நீண்ட கோலின் முனையிலே பொருத்திய ஒரு சிறு தகட்டின்மீது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செலுத்தினார்கள். அது தகட்டைத் துளைத்துச் சென்று, தன் முனையிலுள்ள முட்களை விரித்துப் பற்றிக்கொண்டது. துல்லியத்தில் குறையில்லை. எனினும் எறியீட்டியைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு: ஓய்ந்த கோளின் எரிபொருள் கலத்திலோ மின்கலத்திலோ அது பாய்ந்துவிட்டால், அகற்ற வந்தவன் கையாலேயே ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும். எங்கே எறிவது என்பதை அறிய அந்தப் பொருளின் உள்ளமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கோளின் வரைபடங்கள் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

நான்காவது பரிசோதனை தோற்றது. 2019 மார்ச்சில் அக்கோள் ஒரு பெரிய பாயை விரித்து, வாயுமண்டலச் சுவடு அதன்மேல் மோதி இழுப்பதால் விரைவாக இறங்கிக்காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. விரித்தற்குரிய ஆணை சென்றது. கோள் இறங்கும் வேகத்தில் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. பாய் விரியவில்லை என்றே முடிவு செய்தார்கள். இதை ஒரு தனித் துரதிருஷ்டமாக நான் கருதவில்லை. மடித்துச் சுருட்டி மேலே கொண்டுபோன ஒன்றை அங்கே விரிப்பது விண்வெளிப் பொறியியலின் தீராத துன்பங்களில் ஒன்று. நாசாவின் நானோசெயில்-டி2 என்ற பாய்க்கோள் 2010 டிசம்பரில் தன் தாய்க்கோளை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே சிக்கிக் கிடந்து, அடுத்த மாதம் யாரும் எதிர்பாராத நேரத்தில் தானாகவே வெளிவந்து, பத்துச் சதுர மீட்டர் பாயை விரித்து, எட்டு மாதம் போலச் சுற்றிய பின் எரிந்துபோயிற்று. ஜப்பானிய விண்வெளி ஸ்தாபனமான ஜாக்ஸா வேறொரு வழியை நாடியது: நீண்ட உலோகக் கயிறு ஒன்று பூமியின் காந்தப் புலத்தினூடே ஓடும்போது அதில் மின்சாரத்தைப் பாயவிட்டால், ஓட்டத்துக்கு எதிரான ஒரு விசை பிறக்குமாகையால், எரிபொருளே இல்லாமல் குப்பையை இறக்கிவிடலாம் என்பது அதன் அடிப்படை. மீன்வலை நெய்யும் நிறுவனமொன்றின் உதவியோடு பின்னிய 700 மீட்டர் கயிற்றை, 2016 டிசம்பரில் ஏவிய கொனோடொரி-6 சரக்குக் கலத்தில் வைத்து அனுப்பி, அது விண்வெளி நிலையத்தைப் பிரிந்த பின் அவிழ்த்துவிட முயன்றார்கள். கயிறு வெளியே வரவில்லை. விதி பிழையன்று, காந்தமும் மின்சாரமும் சொன்னபடி கேட்கும், கயிற்றைச் சுற்றி வைத்த பெட்டிதான் கேட்கவில்லை.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். வலையானாலும், ஈட்டியானாலும், கையானாலும், அவை எல்லாம் பிடிக்கும் கணத்துக்குரிய சாதனங்கள். அந்தக் கணத்துக்கு முன், பிடிக்க வேண்டிய பொருளின் அருகே போய்ச் சேரவேண்டும். பிடித்த பின் அதன் திமிறலைத் தாங்க வேண்டும். 1992ஆம் ஆண்டு மே மாதம் எண்டெவர் விண்ணோடத்தில் சென்றவர்கள், தவறான பாதையில் நின்றுபோன இன்டெல்சாட்-6 என்னும் நான்கு டன் அளவு எடையுள்ள கோளைப் பிடித்துத் திருத்த முயன்ற வரலாறு இதை நன்கு காட்டும். அதற்கென்றே செய்து, தரையில் பயின்று, எடுத்துச்சென்ற பிடிச்சட்டம் ஒன்றைக் கோளின் அடியில் பொருத்தப் பார்த்தார்கள். குளத்தில் மிதக்கும் தேங்காயை விரல் நுனியால் பற்றப் போனால் அது எப்படிப் புரண்டு நழுவுமோ அப்படியே, சட்டம் பட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பெருங்கோள் அசைந்து தள்ளாடி விலகிற்று. இரண்டு நாள் முயற்சிகளும் வீணாயின. கடைசியில் மூன்று விண்வெளி வீரர்கள் ஒருங்கே வெளியே சென்று, மூன்று பக்கமாக நின்று, கோளின் சுழற்சி தங்களிடம் வரும் தருணம் பார்த்து, கையுறையணிந்த கைகளாலேயே அதைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆளில்லாத யந்திரத்துக்கு அந்த மூவரின் கண்ணும் கையும் நிதானமும் எங்கிருந்து வரும் என்பதே இன்றைய பொறியாளர்களின் பிரச்சினை.

அணுகுவது எவ்வளவு கடினம் என்பதைச் சுற்றுப்பாதையின் இயல்பை அறியாதவர்கள் ஊகிக்க முடியாது. முன்னே செல்லும் பொருளை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டினால், பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் நீண்டு, முன்னிலும் பின்தங்கிப்போக நேரும். எட்டிப்பிடிக்க விரும்புகிறவன் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ இறங்கி, அங்கே விரைவாகச் சுற்றி, பிறகு மேலேற வேண்டும். விண்வெளி நிலையத்துக்குப் போகும் கலங்களுக்கு நிலையம் தன் இருப்பிடத்தைச் சொல்கிறது, வழிகாட்டும் அடையாளங்களைத் தாங்கி நிற்கிறது, அசையாமல் காத்திருக்கிறது. குப்பையோ எதையும் சொல்லாது. ஒருவேளை இரண்டு மூன்று அச்சுகளில் உருண்டுகொண்டிருக்கும். தரையிலிருந்து அளக்கும் அதன் இருப்பிடத்தில் பிழை இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பகலும் இரவும் மாறி வருவதால், பளபளக்கும் உலோகப் போர்வை ஒரு நேரம் காமிராவைக் கூசச் செய்யும், மறு நேரம் இருளில் மறைந்துவிடும்.

இந்த அணுகுதலைக் கற்றுக்கொள்வதையே தொழிலாக மேற்கொண்டது, 2013இல் நோபு ஒக்காடா தொடங்கிய அஸ்ட்ரோஸ்கேல் என்ற ஜப்பானிய நிறுவனம். 2021 மார்ச்சில் பைக்கனூரிலிருந்து அவர்கள் ஏவிய எல்சா-டி, 175 கிலோ எடையுள்ள ஊழியக் கோளும், 17 கிலோ எடையுள்ள வாடிக்கைக் கோளும் ஒட்டிச் சென்ற ஜோடி. சிறிய கோளின் முதுகில் காந்தத்தால் கவரப்படும் ஒரு தகடு இருந்தது. ஆகஸ்டில் அதை விட்டுவிட்டு மீண்டும் காந்தத்தால் பற்றிக் காட்டினார்கள். அடுத்த ஜனவரியில், இரண்டையும் பிரித்து, தரையின் தலையீடு இல்லாமல் தானே தொடர்ந்து சென்று பிடிக்கும்படி விட்ட பரிசோதனையில் கோளாறுகள் தோன்றி, எட்டு உந்துபொறிகளில் நான்கு பயனற்றுப் போயின. சிறிய கோள் மெல்ல மெல்ல விலகிப்போயிற்று. பாதி உறுப்பை இழந்த பின்னும் அவர்கள் அதைக் கைவிடவில்லை. எஞ்சிய நான்கு பொறிகளைக்கொண்டு, ஏப்ரலில், மறுபடியும் அதை 159 மீட்டர் வரை அணுகினார்கள். இறுதிப் பிடிப்பு நடக்கவில்லை. ஆனால் தொலைந்துபோன ஒன்றைத் தேடிக் கண்டு அணுகுவது என்ற பாடம், திட்டமிட்ட பரிசோதனையைவிட இந்த இடையூற்றினால்தான் முழுமையாகக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பாடத்தின் பலனை அடுத்த கோளில் காணலாம். 2009 ஜனவரியில் ஜப்பானின் எச்-2ஏ ராக்கெட் ஒன்று கோசாட் என்ற கோளைச் சேர்த்துவிட்டு, பதினொரு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் குறுக்களவும் மூன்று டன் எடையும் உள்ள தன் மேலடுக்கை 600 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுச்சென்றது. வேஷமிட்ட குப்பையன்று, பதினைந்து ஆண்டு அலைந்த மெய்யான குப்பை, அடையாளமோ தகடோ பிடியோ எதுவும் இல்லாதது. ஜாக்ஸாவின் ஆதரவோடு அஸ்ட்ரோஸ்கேல் அனுப்பிய அட்ராஸ்-ஜே, 2024 பிப்ரவரி 18ஆம் தேதி நியூசிலாந்திலிருந்து புறப்பட்டு, முதலில் தரையின் கணக்கையும், பிறகு தன் காமிராக்களையும், இறுதியில் லைடாரையும் நம்பி, படிப்படியாக நெருங்கி, மே மாதத்தில் 50 மீட்டர் தூரத்தில் நின்று படமெடுத்தது. ஜூனில் அதைச் சுற்றிவர முயன்றபோது தன் நிலையில் ஏதோ பிசகு கண்டு தானாகவே பின்வாங்கிற்று. ஜூலையில் மறுபடி முயன்று சுற்றிவந்தது. நவம்பர் 30ஆம் தேதி ஏறக்குறைய 15 மீட்டர் வரை சென்று, அங்கேயும் ஒரு பிசகை உணர்ந்து தானே விலகிக்கொண்டது. அவ்வாறு விலகியதை நான் அதன் பெருமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். மூன்று டன் எடையின் அருகே போன யந்திரம், தனக்குச் சந்தேகம் வந்தவுடன், மனிதனைக் கேளாமல், மோதாத திசையில் ஒதுங்கத் தெரிந்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் தகுதி.

ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனம் இதே இலக்கை வேறு வகையில் நாடிற்று. சுவிட்சர்லாந்தின் கிளியர்ஸ்பேஸ் நிறுவனத்தோடு 2020இல் 86 மில்லியன் யூரோவுக்கு ஒப்பந்தம் செய்து, 2013இல் வேகா ராக்கெட் விட்டுச்சென்ற வெஸ்பா என்ற 112 கிலோ எடையுள்ள கூம்புத் துண்டை நான்கு கைகளால் அணைத்துப் பிடித்து இறக்குவது என்று திட்டமிட்டது. 2023 ஆகஸ்டில் அந்த வெஸ்பாவின் அருகே புதிய துண்டுகள் காணப்பட்டன. கண்காணிப்புக்கு எட்டாத சிறு குப்பை ஒன்று அதன்மேல் மோதியிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அகற்றக் குறித்து வைத்த குப்பையையே வேறொரு குப்பை வந்து தாக்கியது! பிறகு 2024இல் இலக்கை மாற்றி, ப்ரோபா-1 என்ற 94 கிலோ கோளைத் தேர்ந்தார்கள்.

இந்த ப்ரோபா-1 நமக்கு அந்நியமானதன்று. 2001 அக்டோபர் 22ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட் ஏற்றிச்சென்ற மூன்று கோள்களில் அது ஒன்று. இரண்டாண்டுப் பணிக்கென்று செய்யப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் பூமியைப் படமெடுத்துத் தந்தது. அதே ராக்கெட்டின் மேலடுக்கு, ஏவிய இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 19ஆம் தேதி, எஞ்சிய எரிபொருளால் வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அதற்குப் பிறகே இஸ்ரோ, பணி முடிந்த மேலடுக்கில் மிஞ்சிய எரிபொருளை வெளியேற்றி அதைச் சாந்தப்படுத்தும் வழக்கத்தை மேற்கொண்டது. 2023 மார்ச் 7ஆம் தேதி, கட்டுப்பாட்டோடு இறக்குவதற்கென்று வடிவமைக்கப்படாத மேகா-ட்ராபிக்ஸ்-1 என்ற பழைய கோளை, அதில் எஞ்சியிருந்த எரிபொருளைக்கொண்டே படிப்படியாக இறக்கி, பசிபிக் மகாசமுத்திரத்தின் மேல் எரியச் செய்ததையும் இங்கே நினைக்க வேண்டும். தன் குப்பையைத் தானே கொண்டுபோய்ப் போடுவது, பிறர் வந்து அகற்றக் காத்திருப்பதைவிட எத்தனையோ மடங்கு செலவு குறைந்தது.

ஜப்பான் ஜப்பானிய ராக்கெட்டையும், ஐரோப்பா ஐரோப்பியக் கோளையும் தேடிப்போவது தற்செயலானதன்று. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, ஏவிய பொருளின்மேல் அந்தந்த நாட்டுக்குள்ள உரிமை, அது ஓய்ந்தாலும் உடைந்தாலும் ஒழிவதில்லை; கடலில் கைவிடப்பட்ட கப்பலை மீட்பவனுக்கு உள்ளதுபோன்ற உரிமை எதுவும் அங்கே இல்லை. ஆகவே மிக அபாயமான ஸெனித் மேலடுக்குகளை, எவ்வளவு திறமை உள்ளவரானாலும், ரஷ்யாவின் சம்மதமில்லாமல் தொட முடியாது. சந்தேகமும் உடன் நிற்கிறது: செத்த கோளைப் பிடித்து இழுக்கத் தெரிந்தவனுக்கு, உயிருள்ள கோளைப் பிடித்து இழுக்கவும் தெரியும். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, ஓய்ந்துபோன பெய்டோ கோள் ஒன்றைப் பற்றி, 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள நெரிசலான பாதையிலிருந்து அப்பால் இழுத்துச்சென்று விட்டபோது, துப்புரவு என்று பாராட்டியவர்களும் உண்டு, ஆயுதம் என்று அஞ்சியவர்களும் உண்டு. இந்த அச்சத்தைத் தீர்க்க, செய்வதை எல்லாம் முன்கூட்டி அறிவித்துப் பகிரங்கமாகச் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை; ரிமூவ்டெப்ரியும் அட்ராஸ்-ஜேயும் தங்கள் தோல்விகள் உட்பட யாவற்றையும் வெளியிட்டது அந்த வகையிலும் நல்ல முன்மாதிரி.

புதிதாக ஏவும் கோள்களில் ஒரு பிடித்தகட்டை முன்னதாகவே பொருத்திவிட்டால் நாளைய வேலை பெரிதும் எளிதாகும். சில நிறுவனங்கள் அதைச் செய்யவும் தொடங்கிவிட்டன. தகடு இல்லாமல் போனவற்றுக்கு அந்த வழி இல்லை. அட்ராஸ்-ஜே படமெடுத்த மேலடுக்கின் தலைப்பகுதியில், ஒரு காலத்தில் கோசாட்டைத் தாங்கியிருந்த வளையம் இன்னும் பழுதின்றி இருப்பது அப்படங்களில் தெரிந்தது. அந்த வளையத்தைத்தான், அட்ராஸ்-ஜே2 என்ற அடுத்த கோள், முன்னது திரும்பி வந்த அந்தப் பதினைந்து மீட்டரையும் கடந்து சென்று, இயந்திரக் கையால் பற்றி, மேலடுக்கைத் தாழ்ந்த பாதைக்கு இழுத்து வரவேண்டும் என்று ஜப்பானியர் ஆயத்தம் செய்துவருகிறார்கள்.